இரண்டாம் முறை அள்ளிய அரிசி

ராகேல் அக்கா காலமான செய்தி வந்தபோது நான் உலை வைத்துவிட்டு, பிடியரிசி எடுக்கப் பானைக்குள் கையை விட்டிருந்தேன். கோயில் மணி விட்டுவிட்டு அடித்தது. துக்க மணி. யாருக்கென்று யோசிக்கும் முன்னே பக்கத்து வீட்டு எஸ்தர் வேலியருகில் வந்து, "சித்தி, ராகேல் பெரியம்மை போயிட்டாவ" என்றாள். அள்ளிய அரிசியோடு கை பானைக்குள்ளேயே நின்றுவிட்டது.

நம் பெண்கள் சங்கத்தில் அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம். அதில் எனக்குப் பிழை வராது.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். அடக்க ஆராதனையில் வெளியூர்ப் போதகர், "விடிய விடிய முழங்காலில் நின்ற தாயார்" என்று பிரசங்கித்தார். அது அக்கா இல்லை. அக்கா விடிய விடியத் தூங்கினவர். அவருடைய ஜெபம் உலை கொதிக்கும் முன்னே முடிந்துவிடும். ஒருமுறை எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் உபதேசியார் ஆதாம் ஏவாளில் தொடங்கி அரசாங்கம் வரைக்கும் ஜெபித்து முடித்தார். மலையாளத்தோடு இருப்பதா, தமிழ்நாட்டோடு சேர்வதா என்று ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம், அதையும் விடவில்லை. அடுத்தது அக்காவின் முறை. "ஆண்டவரே, பிள்ளைங்க உறங்கியாச்சு. கருப்பட்டிக் காப்பி ஆறுது. உபதேசியார் சொன்னதையெல்லாம் நீர் கேட்டிருப்பீர். ஆமென்." உபதேசியார் ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. எனக்கு ரொம்ப சந்தோஷம்.

பிடியரிசி நம் வீடுகளில் எல்லாரும் எடுப்பதுதான். சமைக்கும் முன் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியை ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். அக்கா அதோடு ஒரு வழக்கத்தைச் சேர்த்தார். அரிசி அள்ளும்போது ஒருவர் பேரைச் சொல்லி ஜெபிக்கவேண்டும். நான் என் பிள்ளைகள் பேரையே சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா ஒருநாள் என் அடுக்களையில் நின்று பார்த்துவிட்டு, "ஏட்டி சாராள், ஒரு நாளாவது தங்கம் பேரச் சொல்லி அள்ளு. கை எவ்வளவு விரியுதுன்னு பாப்போம்" என்றார்.

தங்கம் என் நாத்தனார். ஒரே விளைத் தோட்டத்தில் அடுத்தடுத்த வீடு. என் கணவர் படுக்கையில் கிடந்தபோது, எல்லையில் நின்ற பலாவை ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிச் சாய்த்தவள். கூடப் பிறந்த அண்ணன் உள்ளே கிடந்து கோடரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பின் நான் அவள் வாசல் மிதிக்கவில்லை. அவர் மரித்தபோது தங்கம் வந்து தலையிலடித்து அழுதாள். நான் முகம் கொடுக்கவில்லை. "அவ பேரச் சொன்னா அரிசி புழுத்துப்போவும்" என்றேன். அக்கா சிரித்தார். "புழுத்தா நான் பொறுக்கித் தாறேன்."

அடுத்த மழைக்காலத்தில் என் மகள் லில்லி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒருநாள் விடியும்போதே வலி எடுத்தது. வெளியே கொட்டுகிற மழை. மத்தியானம் மருத்துவச்சி உள்ளே இருந்து வந்து, "பிள்ளை குறுக்க கெடக்கு. என் கையில ஒண்ணும் இல்ல. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று கையைக் கழுவிக்கொண்டாள். லில்லி கத்துவதை நிறுத்தி முனக ஆரம்பித்திருந்தாள். எனக்கு அந்த முனகல்தான் பயமாக இருந்தது. ராகேல் அக்காவைக் கூட்டிவரச் சொன்னேன். ஓலைக்குடையும் நனைந்த சேலையுமாக வந்தார். "அக்கா, ஜெபியும். நீரு கேட்டா அவர் தருவாரு" என்று காலைப் பிடித்தேன்.

அண்டை வீட்டுப் பெண்கள் சுற்றி நிற்க, லில்லி தலையில் கைவைத்து அக்கா ஜெபித்தார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையக் காப்பாத்தும். ஆஸ்பத்திரிக்குப் போவ வண்டி வேணும். வண்டி எங்க நிக்குதுன்னு உமக்கும் தெரியும், சாராளுக்கும் தெரியும். ஆமென்." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் வில்வண்டி இருந்தது தங்கத்தின் வீட்டில் மட்டும்தான்.

"இன்னும் கொஞ்சம் ஜெபியும் அக்கா."

"நான் சொல்லியாச்சு. இனி அவரு பாத்துட்டு இருக்கது ஒன்னயாக்கும்."

"வேற ஆள அனுப்புதேன்."

"ஏட்டி, ஜெபம் பண்ணுகது கால் நடக்கதுக்குத்தான். எழும்பு."

அத்தனை பெண்கள் முன்னால் என்னைப் பேர் சொல்லி ஆண்டவரிடம் காட்டிக்கொடுத்ததை நான் அக்காவுக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் எழுந்தேன். பலா நின்ற இடத்தைத் தாண்டும்போது மழையில் கால் வழுக்கியது. "ஆண்டவரே, அவள் இல்லையென்று சொன்னால் நான் அங்கேயே விழுந்து செத்துப்போவேன்" என்றேன். என் வாழ்நாளில் நான் உள்ளபடி செய்த முதல் ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தங்கத்தின் வாசலில் மாடு பூட்டி வண்டி நின்றது. உள்ளே வைக்கோல் விரித்து, மேலே பாய் போட்டிருந்தது. தங்கம் மழையில் நனைந்துகொண்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நின்றாள்.

"காலையிலயே பூட்டியாச்சு மைனி" என்றாள். "பிள்ளை கரஞ்சு கத்துகது இங்க வரைக்கும் கேட்டுது. நீங்க கூப்பிடாம நான் எப்பிடி அங்க வாறது?"

"வா" என்றேன். அந்த ஒரு சொல்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி வரைக்கும் லில்லியின் தலை தங்கத்தின் மடியில் இருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பேத்தி இப்போது நம் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பிக்கிறாள்.

எல்லாரும் அதை அக்காவின் ஜெபத்தின் வல்லமை என்றார்கள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டி நின்னுட்டு இருந்துது. போய்க் கேக்கத்தான் ஆள் இல்லாம இருந்துது" என்பார். அவர் அடக்கத்துக்குத் தங்கமும் நானும் சேர்ந்துதான் போனோம், ஒரே குடையில்.

பலாவை நான் மறக்கவில்லை. மறப்பேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தினமும் தங்கம் பேரைச் சொல்லித்தான் பிடியரிசி அள்ளுகிறேன். கை சுருங்கத்தான் செய்கிறது. சுருங்கினால் அரிசியைத் திரும்பப் பானையிலேயே விட்டுவிட்டு, விரலை நன்றாக விரித்து மறுபடி அள்ளுகிறேன். ராகேல் அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த இரண்டாவது பிடி.