நாலாம் நம்பர் ரூம் மண்

நில வடிவமைப்பு படித்திருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் "பூங்காவுக்குப் புல்லு வைக்கிற வேலையா?" என்பார்கள். ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். கெட்டுப்போன நிலத்தை மறுபடியும் ஆள் நடமாடுகிற நிலமாக்குவது எப்படி என்று ஆராய்கிறோம். எந்தச் செடி எந்த நஞ்சை உறிஞ்சும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், நிழல் எங்கே விழ வேண்டும் என்றெல்லாம் பார்க்கிறோம் என்பேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ புல்லும் வைப்பீக" என்று முடித்துவிடுவார்கள். இப்போதெல்லாம் நானே புல்லுதான் என்று சொல்லிவிடுகிறேன். வாய் மிச்சம்.

தாயில்பட்டிக்குப் போகிற பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்துத் தரைமட்டமாகி, லைசென்ஸ் ரத்தாகி, முள் முளைத்துக் கிடந்தது. அந்த இடத்தை மீட்டெடுக்கும் ஆய்வு எங்கள் கல்லூரிக்கு வந்தது. நான் அந்தப் பக்கத்துப் பெண் என்பதால் களவேலையை என்னிடம் கொடுத்தார்கள். என் அண்ணன் பொண்டாட்டி, அதாவது என் மதினி, அந்தக் கம்பெனியில் நாலாம் நம்பர் ரூமில் பட்டாசுக் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருக்கும்போதுதான் செத்துப்போனாள் என்பதைப் பேராசிரியரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்பட்டு வேறு ஆளைப் போட்டிருப்பார். எனக்கு இரக்கம் தேவைப்படவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது எதுவுமே தேவைப்படவில்லை. மதினி செத்த அன்றைக்கு மரத்துப்போன மனசு அப்படியே இருந்தது.

ஆமத்தூரில் அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் அங்கே போய்வந்தேன். வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு சதுரத்திலும் மேல்மண் ஒரு பை, ஒரு முழம் ஆழத்தில் ஒரு பை எடுக்க வேண்டும். பையில் போடும் முன் மண்ணைச் சலித்து, கல், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். நாலாம் நம்பர் ரூம் இருந்த இடத்தில் அஸ்திவாரம் மட்டும் மிச்சம். அங்கே சலித்தபோது உருகிப்போன பிளாஸ்டிக் வளையல் துண்டு ஒன்று சல்லடையில் நின்றது. பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் உலோகம் எதுவும் போட்டுக்கொள்ளக் கூடாது, அதனால் பிளாஸ்டிக் வளையல்தான் போடுவார்கள். யாருடைய வளையலோ. பொறுக்கி எறிந்தேன். பைக்கு எண் போட்டேன்.

மதினி இருந்திருந்தால் சிரித்திருப்பாள். நான் லீவுக்கு வரும்போதெல்லாம் என் பேன்ட் பாக்கெட்டுகளைத் தட்டிப் பார்ப்பாள். "ஊருல எல்லாரும் மண்ணைத் தட்டிவிட்டுட்டு வீட்டுக்குள்ள வருவாக. நீ சம்பளம் வாங்கிக்கிட்டு மண்ணை அள்ளிட்டு வர்ற" என்பாள். அவள் கை எத்தனை தேய்த்தாலும் அலுமினியப் பவுடர் போகாமல் மினுங்கும். அந்தக் கையோடு என்னைக் கேலி செய்வாள்.

எங்கள் பக்கம் அகாலத்தில் போன பெண்ணை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். அவள் கட்டிய சேலை ஒன்றை மடித்து ஓலைப்பெட்டியில் வைத்து, அதற்கு விளக்குப் போடுவார்கள். அண்ணன் அதோடு நிற்கவில்லை. ஒரு கோயில் சாமியை வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அங்கிருந்து பிடிமண் எடுத்துப்போவது வழக்கம் இல்லையா, அப்படி மதினிக்கும் பிடிமண் எடுத்தான். ஆஸ்பத்திரியில் எங்களிடம் கொடுத்தது ஒரு மூட்டை. அவிழ்க்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அப்படியே கொண்டுபோய் எரித்தோம். அந்த மூட்டைக்குள் தன் பொண்டாட்டி இருந்தாள் என்று அண்ணன் கடைசிவரை நம்பவில்லை. கருமாதி முடிந்த கையோடு கம்பெனிக்குப் போய், வாட்ச்மேனிடம் கெஞ்சி, நாலாம் நம்பர் ரூமில் இருந்து ஒரு செம்பு நிறைய மண் அள்ளிக்கொண்டு வந்தான். அவனைப் பொறுத்தவரை அவள் அந்தச் செம்பில்தான் இருந்தாள்.

சிவகாசியில் அச்சாபீஸ் வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு விளக்கேற்றுவான். செம்பில் இருந்து ஒரு சிட்டிகை எடுத்து மகள் நெற்றியில் பூசுவான். அவளுக்கு ஐந்து வயது. பூசியதும் நாக்கை நீட்டுவாள். திருநீறு போடுவது போல நாக்கிலும் கொஞ்சம் வைப்பான். "அம்மா" என்று சொல்லிவிட்டு முழுங்குவாள். அதன்பிறகு டிவி பார்க்கப் போய்விடுவாள். நான் வந்த நாள் முதல் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் நெற்றியில் பூசினான். பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி என்றும் சொன்னான். சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தோம்.

மண் பரிசோதனை முடிவு நானும் பேராசிரியரும் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தபோது போனுக்கு வந்தது. பட்டாசில் பச்சை நிறத்துக்குப் போடுகிற பச்சை உப்பு என்கிற நஞ்சு அந்த மண்ணில் ஏறியிருந்தது. எதிர்பார்த்ததுதான். நாலாம் நம்பர் சதுரத்தில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். அங்கேயே உட்கார்ந்து வரைபடத்தில் அதற்கு அடர்சிவப்பு அடித்துப் பெரிய திரையில் காட்டினேன். ஒரு அதிகாரி, "சிவப்பு வேணாம்மா, பாக்கவே பயமா இருக்கு, வேற கலர் போடுங்க" என்றார். காவிநிறமாக மாற்றினேன். மேல்மண் முழுவதையும் சுரண்டி எடுத்து, ஆபத்தான கழிவுக்கென்று இருக்கும் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, வேறு மண் கொட்டி மரம் வைப்பது என்று முடிவானது. டீ கொடுத்தார்கள். குடித்தேன். பஸ் ஏறினேன். பஸ்ஸிலும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படித்த படிப்பு ஒரு பக்கம், வீட்டில் இருக்கும் செம்பு ஒரு பக்கம். இரண்டும் ஒரே மண் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

வீட்டுக்குள் நுழையும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளை நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்தேன். மண் தரையில் சிந்தியது.

"ஏ பாப்பா, என்ன பண்ணுற?" என்றான் அண்ணன். எனக்கு முப்பது தாண்டிவிட்டது, இன்னும் பாப்பாதான்.

"அண்ணே, வாயில வைக்காதீக. அதுல பச்சை உப்பு இருக்கு."

"அது கம்பெனியில இருக்கும். இது சாமி மண்ணு."

"கம்பெனியில எடுத்த மண்ணுதானண்ணே."

"அதுக்கப்புறம் எம்புட்டு மழை பேஞ்சிருச்சு. எல்லாம் கழுவிட்டுப் போயிருக்கும்."

"மழைக்கு முன்னாடி அள்ளிட்டு வந்தீக. அங்கன கிடக்கிற மண்ணுலயே இன்னும் போகல. ரிசல்ட்டு வந்திருச்சுண்ணே. நாலாம் நம்பர்லதான் கூட இருக்கு."

அவன் செம்பை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான். "பெத்த பிள்ளைக்கு அவளே விஷம் வைப்பாளா?" என்றான்.

"மதினி வைக்கல. மண்ணுதான்."

"மண்ணு வேற, அவ வேறயா?"

எத்தனையோ மேடைகளில் மண்ணைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு "பிள்ளைக்கு வயித்துவலி எப்ப இருந்துண்ணே வருது?" என்று மட்டும் கேட்டேன். அவன் மனதுக்குள் பின்னால் எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிள்ளை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். "மண்ணு" என்றான் அண்ணன். "பிள்ளைக மண்ணு திங்கிறது சகஜம்தான், பூச்சி மருந்து எழுதித் தர்றேன்" என்று அவர் பேனாவைத் திறந்துவிட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "தானாத் திங்கல சார், இவுகதான் குடுத்தாக" என்று சொல்லி, என்ன மண், எங்கே எடுத்தது என்பதையும் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு அண்ணனைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அண்ணன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது என்றால் அது அந்த நாற்காலியில்தான். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். அந்த உப்பால் உடம்பில் சத்து குறைந்திருக்கிறது, மருந்து கொடுத்தால் சரியாகிவிடும், இனிமேல் அந்த மண் உள்ளே போகக் கூடாது என்றார்கள். நல்லவேளை, கொடுத்ததெல்லாம் சிட்டிகை சிட்டிகையாக. பிள்ளை தேறி வந்தாள். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் மட்டும் வந்து நிற்பாள். அண்ணன் வெறும் விரலால் அவள் நெற்றியைத் தொடுவான். செம்பைப் பரண்மேல் ஏற்றிவிட்டான். கீழே எறி என்று நான் சொல்லவில்லை. எங்கே எறிவது? வாசலில் கொட்டினால் கோழி கொத்தும். கண்மாயில் கொட்டினால் தண்ணீரில் கலக்கும். ஆற்றில் விடலாம் என்று பெரியப்பா சொன்னார். ஆறு மட்டும் என்ன பாவம் செய்தது? படித்தவள் என்பதால் அதையும் நான்தான் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க என் படிப்பின் மேல் எனக்கே எரிச்சல்.

மேல்மண் சுரண்டும் நாளன்று பொக்லைன் வந்து மண்ணைச் சுரண்டிக் குமி குமியாகக் குவித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் எல்லோரும் மாஸ்க்கும் கையுறையும் போட்டிருந்தார்கள். அண்ணன் பைக்கில் வந்து இறங்கினான். ஹேண்டிலில் ஒரு துணிப்பை தொங்கியது. வருவான் என்று நான் நினைக்கவில்லை.

"எந்தக் குமியில போடணும்?" என்றான்.

காட்டினேன். என்னிடம் இருந்த ஒரு ஜோடி கையுறையை நீட்டினேன். வாங்கமாட்டான், கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். வாங்கி, இரண்டு கையிலும் ஒழுங்காக மாட்டிக்கொண்டான். அச்சாபீசில் மை கலக்கும்போது போட்டுப் பழக்கம். பையில் இருந்து செம்பை எடுத்து, அவசரப்படாமல் கவிழ்த்தான். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துவிட்டான். பிறகு செம்பையும் அதிலேயே போட்டான். பொக்லைன் டிரைவர் ஹாரன் அடித்தார், தள்ளி நிற்கச் சொல்லி. அண்ணன் தள்ளி நின்றான். அவன் கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் அந்த வருஷம் யாருக்கும் கண்ணீர் சரியாக வேலை செய்யவில்லை. லாரி நிரம்பியதும் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். லாரி ரோட்டில் ஏறி மறையும்வரை நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

மழை முடிந்த பிறகு பக்கத்துக் கண்மாயில் இருந்து வண்டல்மண் கொண்டுவந்து கொட்டினோம். அதையும் பரிசோதித்துவிட்டுத்தான் கொட்டினோம். ஓரத்தில் வெட்டிவேர், உள்ளே வேம்பும் பூவரசும் வாகையும். நாலாம் நம்பர் ரூம் இருந்த இடத்தில் பிள்ளைகள் விளையாட மணல் பரப்பலாம் என்று என் வரைபடத்தில் இருந்தது. யார் கேட்டாலும் காரணம் சொல்ல முடியும்: மேடான இடம், தண்ணீர் தேங்காது, காலையில் வெயில் படும். ஆராய்ச்சியாகப் பார்த்தால் அது நல்ல முடிவு.

கன்று நட்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். தனியாகத்தான் வந்தான். மகளைக் கூட்டிவரவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தான். நாலாம் நம்பர் இருந்த இடத்தைக் கேட்காமலே கண்டுபிடித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புதுமண்ணில் நின்றான். கொஞ்சநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டான்.

"பாப்பா, பழைய மண்ணு கொஞ்சங்கூட இங்கன இல்லேல்ல?"

"இல்லண்ணே. எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"நல்லாத் தோண்டிப் பாத்துட்டீகளா?"

"பாத்துட்டோம்ணே."

"அப்போ அவ இங்கன இல்ல."

அது கேள்வியா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பதில் சொன்னேன். "இல்லண்ணே."

அவன் தலையை ஆட்டினான். குனிந்து கால்விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டான்.

"சரி, அப்போ அடுத்த வாரம் பிள்ளையக் கூட்டிட்டு வாரேன்" என்றான்.