தனபாக்கியம் அக்காவின் இரண்டாவது வரி

1. ஸ்டென்சில்

கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் மியூசிக் ரூமில் நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். மியூசிக் அசிஸ்டென்ட் என்று பதவி. பெயர்தான் பெரிது. கொயர் பாடும் பாட்டுகளை ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற ஐந்துகோட்டு இசைக்குறிப்பில் ஸ்டென்சில் வெட்டி, மையுருளை உருட்டிப் பிரதி எடுத்துக் கொடுப்பதுதான் வேலை.

முதல் நாளே கொயர் மாஸ்டர் ஜெயசிங் சார் எனக்குப் பாடம் எடுத்துவிட்டார்.

"ஏலே சாமுவேலு, ஒரே மெட்டுன்னா ஒரு தடவதான் எழுதணும். வார்த்தைய மட்டும் கீழ கீழ அடுக்கு. ஸ்டென்சில் என்ன காட்டுல காச்சா கெடக்கு?"

சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டுப் புத்தகங்கள் எல்லாமே அப்படித்தான் இருக்கும். மேலே ஒரு மெட்டு, அதன் கீழே முதல் சரணம், அதற்குக் கீழே இரண்டாம் சரணம். மூன்று வருடத்தில் என் கை அதற்குப் பழகிப்போனது. ஒரு வரி காதில் விழுந்ததும், இது முன்பே வந்த மெட்டா என்றுதான் மனம் முதலில் தேடும். திண்டுக்கல்லில் ஒருவரிடம் இரண்டு வருடம் வயலின் படித்திருந்ததால் சரிகமபதநியிலும் எழுதுவேன். மேல்நாட்டுச் சங்கீதம், நம் சங்கீதம் இரண்டும் தெரிந்தவன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அரைகுறை என்று சொல்ல அன்று ஆள் இல்லை.

2. பியானோ அறையைப் பெருக்கியவர்

பியானோ பழகும் அறைகளைப் பெருக்கித் துடைத்தவர் தனபாக்கியம் அக்கா. பழனியில் நாகஸ்வரக் குடும்பம். புருஷன் செத்தபின் பிழைப்புக்காக மலையேறி வந்தவர். மிஷன் பள்ளியில் சேர்ந்ததால் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகிவிட்டார் என்று நினைத்து, நாகஸ்வரம் வாசிக்கும் அண்ணன் சுப்பையா பேச்சை நிறுத்திவிட்டார். அக்கா எந்த வேதத்திலும் சேரவில்லை. முந்தானையில் விபூதிப் பொட்டலம் முடிந்திருப்பார்.

நாள் முழுக்க பியானோ கேட்டுக் கேட்டு, அந்த மெட்டுகள் அவருக்குள் வேறு மாதிரி ஊறியிருந்தன. வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளுக்கு நம் பழைய வித்வான்கள் சாகித்தியம் கட்டியதும், அவற்றை அசைக்காமல் நேராக வாசித்து நோட்டு ஸ்வரம் என்று சொல்வதும் அவர் வீட்டில் கேட்டு வளர்ந்த விஷயம். ஒருநாள் மத்தியானம், விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"தம்பி, நான் ஒரு பாட்டு கட்டியிருக்கேன். முருகன் மேல. எழுதித் தர்றீங்களா?"

"எதுக்குக்கா?"

"பங்குனி உத்திரத்துக்குள்ள எங்கண்ணன் கையில சேக்கணும். அவுக நாயனத்துல ஒரு தடவ வரணும் தம்பி. எனக்கு அது போதும்."

"நீங்களே நேர்ல போய்ப் பாடிக் காட்டலாம்ல?"

"வாசல்லயே நிக்க வச்சிருவாக. காயிதம்னா பிரிச்சாவது பாப்பாகல்ல."

பாடினார். சங்கராபரணம். பியானோவின் வெள்ளைக் கட்டைகளில் அப்படியே உட்காரும் ராகம். வால்ட்ஸ் போல ஒன் டூ த்ரீ நடை. இரண்டே வரிகள். முதல் வரியில் ஒவ்வொரு ஸ்வரமும் அசையாமல், பியானோ கட்டையைத் தட்டினாற்போல நின்றது. இரண்டாவது வரியிலும் அதே ஸ்வரங்கள், அதே வரிசை. ஆனால் இப்போது காந்தாரம் பக்கத்து மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு வந்தது. நிஷாதம் மேல் ஸட்ஜத்துக்கும் தனக்கும் நடுவே ஊசலாடியது. கமகம் என்று சொல்கிறோமே, அந்த அசைவு. வெள்ளைக்காரன் மெட்டு கண்ணெதிரே நம்முடையதாக மாறும் இடம் அதுதான். பாட்டே அந்த மாற்றத்தில்தான் இருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகு புரிந்தது. அன்று என் மனம் மூன்று வருடப் பழக்கத்தைத்தான் செய்தது.

"கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சுக்கா. ரெண்டும் ஒரே மெட்டுதான்."

அக்கா சிரித்தார். "மெட்டு ஒண்ணுதான்."

பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். முதல் வரியின் ஸ்வரங்களைச் சரிகமவில் ஒரு தடவை எழுதி, அதன் கீழே முதல் வரி வார்த்தைகள், அதற்கும் கீழே இரண்டாவது வரி வார்த்தைகள் என்று ஞானப்பாட்டுப் பாணியில் அடுக்கினேன். கமகத்துக்கு அடையாளமாக ஸ்வரத்தின் மேலே ஒரு நெளிகோடு இழுத்திருக்கலாம், இழுக்கவில்லை. போதாக்குறைக்கு, தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள, உச்சியில் 'இங்கிலீஷ் நோட்டு' என்று தலைப்பு வேறு போட்டேன். எழுதியதை அவருக்குப் பாடிக் காட்டவும் இல்லை. அக்காவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஸ்வரம் பார்த்துப் பாட வராது. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழனி பஸ் கண்டக்டரிடம் அவரே கொடுத்தனுப்பினார்.

3. திரும்பி வந்த தாள்

பத்து நாள் கழித்து அதே கண்டக்டர் அதே தாளைக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் அண்ணன் எழுதியிருந்தார். அக்கா என்னிடம் நீட்டி, படிக்கச் சொன்னார். கை ஈரமாக இருந்தது, தரை துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்திருந்தார்.

'ஒரே மெட்டை இரண்டு தரம் பாடச்சொல்லி அனுப்பியிருக்கிறாய். அசைவும் இல்லை, சங்கதியும் இல்லை. இது பேண்டு செட்டுக்காரனுக்கு ஆகும். நாயனத்துக்கு ஆகாது. இனி இப்படி எதுவும் அனுப்ப வேண்டாம்.'

படிக்கும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. கொடைக்கானல் மாசிக் குளிரில் வியர்த்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஸ்வர வரிசை, கீழே இரண்டு வரி வார்த்தை. என்ன செய்திருக்கிறேன் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதைத்தான் இத்தனை வருடமாக ஒருவரைத் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

அக்கா கேட்டார். "ரெண்டும் ஒண்ணுபோலயா தம்பி எழுதியிருக்கு?"

"நீங்க பாடினதத்தான்கா எழுதினேன்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நாந்தான் சரியாப் பாடல போலருக்கு. பியானோ சத்தத்துலயே கெடந்து கெடந்து எங் கொரலும் நேராப் போயிருச்சு."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தப்பு என்னுடையது என்று சொன்னால் 'இரண்டும் தெரிந்தவன்' என்ற பெயர் போய்விடும், ஜெயசிங் சார் காதுக்கும் போகும். அதுதான் காரணம். கேவலமான காரணம்தான்.

அதற்குப்பின் அக்கா பாடி நான் கேட்கவில்லை. அறையைப் பெருக்கும்போது பக்கத்து அறையில் பியானோ கேட்டால் வெரசாக வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார். ஸ்கூலில் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. அக்கா பாட்டைப் பதிய ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நாளைக்குச் சொல்லிவிடலாம், அடுத்த பங்குனிக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். எட்டு வருடம் அப்படிப் போனது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில், நெஞ்சுச் சளி முற்றி, மிஷன் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து அக்கா போய்ச் சேர்ந்தார்.

4. அடிவாரத்தில்

அண்ணனுக்குச் சேதி சொல்ல நான்தான் பழனிக்கு இறங்கினேன். கோயில் அடிவாரத்துக்குப் பக்கத்தில் வீடு. சேதியைக் கேட்டதும் சுப்பையா அண்ணன், "பாடிக்கிட்டாவது இருந்தாளா?" என்று கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். மெட்டை ஒரு தடவை எழுதியது, தலைப்புப் போட்டது, அக்கா கேட்டபோது மறைத்தது, எல்லாவற்றையும். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

"இங்கிலீஷ் நோட்டுன்னு மேல போட்டிருந்துச்சு. அதான் அசைக்காம வாசிச்சுப் பாத்தேன்" என்றார்.

"வாசிச்சீங்களா?"

"தங்கச்சி பாட்டுல்ல? ரெண்டு வரியும் அப்படியே வாசிச்சேன். ரெண்டும் ஒண்ணா இருக்கவும் கோவம் வந்துருச்சு."

ஒரு தடவை வந்தால் போதும் என்று அக்கா கேட்டது, அவர் அண்ணனுடைய நாயனத்தில் வந்தே இருக்கிறது. அவருக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அண்ணன் உறையிலிருந்து நாகஸ்வரத்தை எடுத்தார். இத்தனை வருடமாக மறக்காமல் வைத்திருந்த முதல் வரியை நேராக வாசித்தார். அது சரியாக இருந்தது. இரண்டாவது வரியைக் கமகத்தோடு வாசித்துவிட்டு, "இப்படியா?" என்றார்.

"இப்படி இல்லைங்க."

வேறு மாதிரி வாசித்தார். "இது?"

"இதுவும் இல்லைங்க."

"அப்ப நீங்க பாடிக் காட்டுங்க."

பாடப் பார்த்தேன். என் தொண்டையிலிருந்து கொயர் பாட்டுத்தான் வந்தது. அது இல்லை, இது இல்லை என்று மட்டும் என் காதுக்குச் சொல்லத் தெரிந்தது. எப்படி என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு அண்ணன் நிறுத்திவிட்டார்.

"நான் அசைக்கிறதெல்லாம் எங்கப்பா வழியா வருது. பியானோவக் கேட்டுப்புட்டு அவ அசைச்ச அசைவு எனக்கு எங்கருந்து வரும்?"

இப்போது பாட்டு எழுதும் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒருவர் பாடியதை எழுதினால், எழுதியதைப் பார்த்து அவருக்கே பாடிக் காட்டுங்கள். இல்லை, இப்படி இல்லை என்று சொல்ல அவர் இருக்கும்போதே காட்டுங்கள். தப்பாக எழுதிவிட்டால் அன்றே சொல்லிவிடுங்கள். "தப்பு என்னோடதுக்கா, உங்க குரல் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தன் குரல் கெட்டுப்போய்விட்டது என்று நம்பிக்கொண்டேதான் அந்த அம்மாள் செத்தார்.