உள்ளே விடாத சர்வர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்ப்படம் செய்யும் கம்பெனியில் குணசுந்தரிக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். கடம்பத்தூரில் நெல் பயிரிடும் குடும்பம். கம்பெனியின் சோதனை அறிக்கைகள் எல்லாம் மும்பையில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் இருந்தன. இங்கிருந்தபடியே அதற்குள் போய்ப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

இரண்டு வருஷத்துக்கு முன் யார் யாரோ பாஸ்வேர்டை ஊகித்து நுழையப் பார்த்தார்கள். குணசுந்தரி பாஸ்வேர்டு வழியையே அடைத்துவிட்டாள். அதன் பிறகு எஸ்.எஸ்.எச். சாவி இருந்தால்தான் உள்ளே போகலாம். சாவி என்றால் இரண்டு ஃபைல்கள். சர்வரில் கிடப்பதை யார் பார்த்தாலும் பாதகமில்லை. ரகசியமானது அவள் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. ஒரு நகலும் எடுத்து, பென் டிரைவில் போட்டு, வீட்டு பீரோவில் வைத்தாள்.

ஆடி மாதம் லேப்டாப் டிஸ்க் அடியோடு போயிற்று. அவள் பதறவில்லை. மறுநாள் பென் டிரைவைக் கொண்டுவந்து செருகினாள். ஒரே ஒரு ஃபைல். பெயரின் வாலில் 'பப்', அதாவது பப்ளிக், என்றிருந்தது. ஊருக்கே காட்டக்கூடிய பாதியைத்தான் அத்தனை பத்திரமாக வைத்திருந்தாள்.

மேனேஜர் தணிகாசலம் வந்து நின்றார். "இன்னாம்மா, உள்ள போச்சா? பார்ட்டு உடைஞ்சிட்ச்சின்னு கஸ்டமர் பழைய ரிப்போர்ட்டு கேட்டுக்கினே கீறான்."

"இல்ல சார். தப்பான ஃபைல காப்பி பண்ணி வச்சிக்கினு இருந்திருக்கேன்."

அவர் திட்டவில்லை. "உன்ன நம்பித்தானம்மா உட்டேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

சர்வர் கணக்கோ, முன்பிருந்த மேனேஜரின் சொந்தப் பெயரில் இருந்தது. அவர் எண்ணுக்கு அடித்தாள். பள்ளிப்பட்டிலிருந்து யாரோ எடுத்தார். "ராங் நம்பரும்மா. இத்த நான் வாங்கி ஆறு மாசம் ஆவுது." விசாரித்ததில் அந்த மேனேஜர் போன வருஷமே இறந்துவிட்டிருந்தார். கணக்கு வைத்திருப்பவர் சொன்னால்தான் திறப்போம், ஒப்பந்தத்தையும் புதுப்பிப்போம் என்று சர்வரை வாடகைக்கு விட்ட மும்பைக்காரர்கள் ஏழு முறை பதில் எழுதினார்கள். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தால் எல்லாம் அழிந்துவிடும்.

கடைசி நாள் வரை அவள் சர்வருக்குள் நுழையத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் 'அனுமதி இல்லை' என்றே வந்தது. மறுநாள் காலை அதுவும் வரவில்லை. அந்தப் பக்கம் எதுவுமே இல்லை.

சர்வர் வேலையை வேறொரு கம்பெனியிடம் கொடுத்தார்கள். அவளை கேட்டில் வருகிறவர்கள் பெயரை எழுதச் சொன்னார்கள். அன்று மாலை புருஷன் ராஜமாணிக்கம் போன் செய்தான். "எந்த ட்ரெய்ன்ல வர்ற?"

"தெர்ல" என்றாள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தபடி இரண்டு ரயில்களை விட்டிருந்தாள். மூன்றாவது வந்தபோதும் எழுந்திருக்கவில்லை.