வராத காய்ச்சலுக்கு மல்லித்தண்ணி

எனக்கு வராத காய்ச்சலுக்கு மூன்று நாள் மல்லித்தண்ணி குடித்தவன் நான். வேர்க்கொம்பு தட்டிப் போட்டு, சீனி இல்லாமல், நேரத்துக்கு ஒரு கோப்பை. ஐம்பத்தைந்து வயதில், ஒரு செத்தவீட்டுக்குப் போகாமல் தப்புவதற்காகப் போர்வைக்குள் ஒளித்துக் கிடந்தேன் என்று எழுதுவது சுகமான வேலையல்ல. பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்த காலத்தில் இதைவிட நன்றாக நடித்தேன். அப்போது நெற்றியில் வைத்து எடுக்கச் சுடுதண்ணிப் போத்தலாவது இருந்தது.

இறந்தது என் நண்பரின் மனைவி. அவரும் நானும் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் பதினாறு வருடம் அடுத்தடுத்த மேசையில் இருந்து கோப்புப் பார்த்தவர்கள். ஞாயிறுப் பத்திரிகை ஒன்றில் நான் பகிடிப் பத்தி எழுதுவேன். அதற்கு அவர் படம் கீறுவார். வாசிப்பவர்கள் முதலில் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் ஏதும் மிஞ்சினால் என் எழுத்துக்குத் தருவார்கள். எவருடைய மூக்கையும் அவர் இரண்டு கோட்டில் பிடித்துவிடுவார்.

ஒருநாள் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, பக்கத்தில் இடம் காணாது, இனிப் படம் வேண்டாம் என்றார். நான் "சரி" என்றேன். அதை நண்பரிடம் சொல்ல எனக்கு ஒரு முழுக் கிழமை இருந்தது. சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை விரித்துத்தான் அவர் அறிந்துகொண்டார். திங்கட்கிழமை வந்து மேசையில் இருந்து, "இந்தமுறை எழுத்துக் கொஞ்சம் கூட வந்திருக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சண்டை பிடித்திருந்தாலாவது என்றைக்கோ சமாதானம் ஆகியிருக்கலாம். பிறகு எனக்கு இடமாற்றம் வந்தது. தொலைபேசிக் கதை கிழமைக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று மெலிந்துபோய், கடைசியில் நின்றது. அப்படி ஆறு வருடம்.

அவர் மனைவியின் மரண அறிவித்தல் என் பத்தி வந்த தாளின் பின்பக்கத்தில் இருந்தது. வழக்கம்போல என் எழுத்தை நானே இரண்டு தரம் வாசித்து ரசித்தபிறகுதான் தாளைத் திருப்பினேன்.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குச் சொன்னால்தான் போவோம்; செத்தவீட்டுக்கு ஒருவரும் சொல்லவேண்டியதில்லை. பத்து வருடம் முகம் பார்க்காதவனும் பந்தலுக்குள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் வந்து இருக்கலாம். ஏன் வந்தாய், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று எவரும் கேட்பதில்லை. போனது போனதாகிவிடும். கோபதாபம் உள்ளவர்களுக்கென்றே திறந்து வைத்திருக்கும் அந்த ஒரு வாசலைத்தான் நான் போர்வையால் மூடினேன். மனைவி தனியே போய் வந்தாள். எட்டாம் நாள் சடங்குக்கும் அவள்தான் போனாள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் அவள்தான்.

அதன்பிறகு ஒன்றரை வருடம். இதற்கிடையில் என் பத்தி வறண்டுபோனது. பத்திரிகைக்குப் புதிதாக வந்த ஆசிரியை மரியாதையான பிள்ளை. "ஐயா, முந்தி மாதிரி இல்லையெண்டு ரெண்டொரு பேர் சொல்லுகினம்" என்றாள். அந்த ரெண்டொரு பேரில் அவளும் ஒருத்தி என்று விளங்கியது. அந்தக் கிழமைதான் கைப்பேசியில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது: விட்டுப்போன உறவுகளையும் பழைய தொழில் நண்பர்களையும் தேடிப் போங்கள், மனம் புதுப்பிக்கப்படும். வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் கடைசியில் கைப்பேசி சொன்னதைக் கேட்டுப் புறப்பட்டேன். அவருக்காகப் போகவில்லை. அவர் மறுபடி படம் கீறினால் என் எழுத்து பிழைக்கும் என்று போனேன்.

அவருடைய ஊரான கரவெட்டிக்குப் போகும் வழியில் ஒரு பெட்டி கிறீம் பிஸ்கற் வாங்கி மோட்டார் சைக்கிளில் கொழுவினேன். அவர் வீட்டுப் படலையடியில் இறங்கியபிறகுதான் யோசனை வந்தது. துக்கம் விசாரிக்கப் போகிறவன் பலகாரம் கொண்டுபோவதில்லை. சும்மா பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போவதில்லை. நான் இதில் எது? பெட்டியைக் கொழுவினபடியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

அவர் குசினி வாசலில் திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"வாரும். காய்ச்சல் மாறிட்டுதோ?"

"ஓம்" என்றேன்.

"ஒண்டரை வருசக் காய்ச்சல். கவனமா இருக்கவேணும்." கையைக் கழுவினார். "உம்மடை மனிசி செத்தவீட்டிலை சொன்னவ. பாவம், சொல்லேக்கை என்ரை முகத்தைப் பாக்கேல்லை."

தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். பழைய ஞாபகத்தில் இரண்டு கரண்டி சீனி போட்டிருந்தார். நான் சீனியை விட்டு நாலு வருடம். சொல்லாமல் குடித்தேன்.

"அண்டைக்கு எனக்குப் பக்கத்திலை ஒரு கதிரை உமக்கெண்டு விட்டு வைச்சனான்" என்றார். "பிறகு ஆரோ ஒரு ஆள் வந்து இருந்திட்டார். பிரேதம் எடுக்குமட்டும் வெங்காய விலை கதைச்சவர்."

"ஆர் அவர்?"

"தெரியாது. நல்ல மனிசன். வந்தவர்தானே."

கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"கடைசியிலை அவவுக்குக் கண் வடிவாத் தெரியேல்லை. ஞாயிற்றுக்கிழமையிலை உம்மடை எழுத்தை நான்தான் வாசிச்சுக் காட்டுறனான். சிரிக்கவேண்டிய இடத்திலை சிரிக்க மாட்டா. முடிஞ்சாப்பிறகு, 'உவருக்கு இப்ப படம் கீற ஆளில்லை, பாவம்' எண்டுவா. ஒவ்வொரு கிழமையும் அதைத்தான் சொன்னவ."

நான் கேட்க வந்ததை இறந்தவள் எனக்காக ஏற்கெனவே கேட்டுவைத்திருந்தாள். அவரே தொடர்ந்தார்.

"அந்தியேட்டிக்கு நினைவுப் புத்தகம் அடிக்கப் படம் கேட்டவை. அடையாள அட்டைப் படம் ஒண்டுதான் கிடந்தது. அதிலை அவ ஆரோடையோ கோவிச்சுக்கொண்டு இருக்கிறா. சரி, நான் கீறித்தாறன் எண்டு பேப்பரை எடுத்தன். நாலு நாள் இருந்தன். மூக்கு வரேல்லை."

"உங்களுக்கோ?"

"முப்பத்தொரு வருசம் பாத்த மூக்கு. எனக்கு ஆக்களைப் பெருப்பிச்சுக் கீறித்தானே பழக்கம். உள்ளதை உள்ளபடி கீறத் தெரியேல்லை." துருவின தேங்காயை ஒரு கிண்ணத்துக்குள் தட்டினார். "அதோடை பேனையை மூடி வைச்சிட்டன்."

பிறகு மழையைப் பற்றிக் கதைத்தோம். அலுவலகத்தில் யார் யார் ஓய்வுபெற்றார்கள், யாருக்கு யார் சம்பந்தி என்று கதைத்தோம். பத்தியைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. புதுப்பிக்க வந்தவன் கிழிந்துபோய் எழும்பினேன்.

அவர் படலைவரை வந்தார். அங்கேதான் அடுத்த சிக்கல். செத்தவீட்டிலிருந்து கிளம்பும்போது "போட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பி நடக்கவேண்டும். மற்ற எந்த வீட்டிலும் அதைச் சொல்லாமல் வெளிக்கிட்டால் இனி வரமாட்டேன் என்று பொருள். ஒன்றரை வருடம் பிந்தித் துக்கம் விசாரிக்க வந்தவன் எதைச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் அவளுக்கு மரியாதையில்லை. சொல்லாவிட்டால் அவரிடம் திரும்பி வர வழியில்லை. மோட்டார் சைக்கிளின் பின்சில்லில் காற்றுக் காணுமா என்று இரண்டு தரம் அமத்திப் பார்த்தேன். அவர் படலைக் கொளுக்கியைப் பிடித்தபடி, நான் சொல்வதற்காகவோ சொல்லாமல் போவதற்காகவோ காத்து நின்றார். அவர் முகத்தில் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

சொல்லவில்லை. தலையை ஒருக்கால் ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். திரும்பும் வழியில், வல்லை வெளியில் காற்று முகத்தில் அடித்தபோது, ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு "சரி" சொல்லிக் கெடுத்ததை இன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் முடித்துவிட்டேன் என்று தோன்றியது. பக்கத்தில் பிஸ்கற் பெட்டி ஆடிக்கொண்டு வந்தது.

வீட்டில் மனைவி கைப்பேசியோடு வாசலுக்கு வந்தாள்.

"இஞ்சருங்கோ, அவர் எடுத்தவர்."

"என்னவாம்?"

"நீங்கள் படலையடியிலை இறங்கேக்கையே பெட்டியைக் கண்டவராம். கிறீம் பிஸ்கற் இந்த வெய்யிலுக்கு இளகிப் பழுதாப்போயிருக்கும், அடுத்தமுறை வரேக்கை கிறீம் இல்லாததா வாங்கிக்கொண்டு வரட்டாம்."