நூல் அறுந்தால் எரிகிற விளக்கு

ஒரு பழைய நிட்டிங் மெஷினோடு ஆரம்பித்தவன் நான். பிறகு தையல் யூனிட், காஜா பட்டன் செக்‌ஷன், பேக்கிங் செட் என்று காங்கேயம் ரோட்டில் ஒரே காம்பவுண்டுக்குள் இந்தப் பனியன் கம்பெனியைக் கட்டினேன். பேங்குக்காரன் வாசலோடு திருப்பி அனுப்பினான். பங்காளிகள் சிரித்தார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டியது இது. எங்கள் கம்ப்யூட்டர் லைன்களைக் கண்காணிக்கும் புரோகிராமும் இந்தக் கணக்கில் சேரும். அது முழுக்கத் தன் மூளை என்கிறார் என் மாப்பிள்ளை. நடந்ததை நான் சொல்கிறேன்.

பிராட்பேண்ட் வந்த புதிது. என் மகளைக் கட்டிய கையோடு ஆபீசில் வந்து உட்கார்ந்த இன்ஜினியர் அவர். அவருடைய புரோகிராம் ஆபீசிலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கூப்பிட்டுப் பார்க்கும்; அதற்கு பிங் என்று பெயர் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பதில் வராவிட்டால் சிவப்புக் காட்டி அலறும். ஆரம்பத்தில் அவ்வளவுதான்.

ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கிய காலையில் தையல் யூனிட் முழுக்கச் சிவப்பு. மாப்பிள்ளை ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் கழற்றினார். "கண்ட சிடியப் போட்டு வைரஸ் ஏத்தீட்டியா?" என்று சூப்பர்வைசரை எல்லார் முன்னாலும் கத்தினார். மதியமாகியும் யூனிட்டிலிருந்து ஒரு விவரமும் ஆபீசுக்கு வரவில்லை.

"ஏனுங்க மாப்ள, அத்தனையும் ஒண்ணாவா சாகும்?" என்றேன்.

"மாமா, பிங்குன்னா என்னன்னு தெரியுமாங்க உங்களுக்கு?"

"தெரியாதுங்க. நூல் அறுந்தாத் தெரியுமுங்க."

யூனிட்டின் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். பூஜைக்குக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு மரியாதையாக மாட்டியிருந்தார்கள். ஆபீசிலிருந்து வரும் வயரை மட்டும் திருப்பிச் சொருகவில்லை. மாலைக்குப் பின்னால் அது தொங்கிக்கொண்டிருந்தது.

நிட்டிங் மெஷினில் ஒரு நூல் அறுந்தால் அந்த நூலுக்கு நேராக மட்டும் விளக்கு எரியும். மாப்பிள்ளையை அங்கே கூட்டிப்போய்க் காட்டினேன்.

"உங்க புரோகிராமும் இப்படிச் சொல்லோணுமுங்க. மொதல்ல பொட்டியக் கூப்புடுங்க. அது பேசலீன்னா, பின்னாடி இருக்கறதுக்கெல்லாம் எதுக்குங்க ஒப்பாரி?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அடுத்த வாரமே பெட்டியின் வயரைக் கழற்றிப் பார்த்தபோது திரையில் நான் சொன்னபடி ஒற்றை விளக்குதான் எரிந்தது.

பக்கத்துக் கம்பெனிகளும் அந்தப் புரோகிராமைக் கேட்டு வாங்கின. ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ அதைப் பற்றி விசாரிக்க, மாப்பிள்ளை என் இலைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே, "மாமா சும்மா கூட நின்னாருங்க" என்றார். பந்தியில் சிரிப்பு வேறு.

கூட நின்றவனா நான்? வரி வரியாக எழுதியது அவர்தான். அதை நான் எனக்கென்று கேட்கவில்லை. புரோகிராமைத் திறந்தால் முதலில் அவர் பெயர் வருகிறது. அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், விளக்கு யோசனை மாமனாருடையது என்று வர வேண்டும். பந்தியில் சிரித்தவர்கள் அதைப் படிக்க வேண்டும். போடுங்கள், மாப்பிள்ளை.