மருதாணியில் கலந்த ரேடியம்

என் தங்கைக்கு நான்கு வயதில் இருட்டென்றால் பயம். படுக்கும் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த நாலடி இருட்டைக்கூட என் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாமா எங்களோடு தங்கியிருந்தார். விடியலில் எழுவதற்காக அவர் வைத்திருந்த அலாரம் கடிகாரத்தின் எண்கள் இருட்டில் பச்சையாக ஒளிரும். அது ரேடியம் என்பார் மாமா, ஏதோ தானே காய்ச்சிப் பூசியதுபோல.

தீபாவளிக்கு முந்திய வாரம் கடிகாரம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. சனிக்கிழமை மாத்தளைக்குக் கொண்டுபோய்ப் புதுக் கண்ணாடி போடலாமென்று மாமா அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். வெள்ளிக்கிழமை அம்மா மருதாணி அரைத்தார். அம்மியருகே உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அலமாரியைத் திறந்து, பன்னிரண்டு எண்களையும் ஊசியால் சுரண்டினேன். ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. அந்த மஞ்சள் தூளை மருதாணியில் குழைத்து, தங்கையின் வலது கை விரல் நுனிகளில் தொப்பி தொப்பியாக வைத்தேன். எனக்கு வெறும் மருதாணிதான். இருந்த தூள் அவளுக்கே போதவில்லை.

மாலையில் மாமா கடிகாரத்தை எடுத்து, எண்கள் இல்லாத முகத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். தங்கையே பெருமையாகக் கையை நீட்டிக் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

“வெளிச்சத்த மருதாணியில போட்ட மொத ஆளு நீதான் புள்ள. அடுத்தது என்ன, சூரியன ரசம் வைக்கப் போறியா?” என்றபடி மாமா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். நான் அழுதேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். “என்ன மருந்தோ என்னமோ. அவ வெரல் சூப்புற புள்ள. சோப்புப் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவிவிடு” என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினார்.

நான் கழுவினேன் என்று சொல்ல முடியாது. பின்பக்கத்துப் பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் அவள் கையைக் காட்டி, மருதாணி உதிர்ந்ததும் எடுத்துவிட்டேன். சோப்புப் போட்டால் வெளிச்சம் போய்விடுமே. பிறகு இருவரும் கம்பளிக்குள் புகுந்து பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. தங்கையின் உதடு பிதுங்கியது.

“வெளிச்சம் எங்க, அக்கா?”

“உள்ள போயிருச்சு. இனிமே நீ எங்க போனாலும் ஒங்கூடவே வரும்.”

அவள் நம்பினாள். கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, தனியாகவே சமையலறை வரை போய்த் திரும்பினாள்.

ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான் அணுவைப் பற்றிப் படித்தேன். ரேடியம் அணுவின் நடுவில் இருக்கும் கரு நிலைத்து நிற்காது; ஒரு துணுக்கை வீசியெறிந்துவிட்டு வேறொரு பொருளாக மாறும். எவ்வளவு ரேடியம் இருந்தாலும் அதில் பாதி மாற ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் ஆகும். மீதியில் பாதி மாற இன்னும் அத்தனை ஆண்டுகள். உடம்புக்குள் போனால், சுண்ணாம்புச் சத்தென்று எண்ணி எலும்பு அதை வாங்கி வைத்துக்கொள்ளுமாம். கோடிக்கணக்கான கருக்களில் எத்தனை உடையும் என்று சொல்லலாம். குறிப்பிட்ட ஒரு கரு இன்றைக்கு உடையுமா, என்றைக்கு உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வரியில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

யாருக்கோ நடந்ததுபோல ஒரு டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். “அவ்வளவு கொஞ்சம்னா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதுங்க” என்றார். பெரும்பாலும் என்ற சொல்லுக்குள் என் தங்கை இருக்கிறாளா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தங்கை இப்போது நாவுலவில் இருக்கிறாள், எட்டு மாதக் கர்ப்பம். காலெலும்பு வலிக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வலிப்பது வழக்கம்தானே. எனக்கும் என் மகளைச் சுமந்தபோது வலித்தது. மருதாணி வைத்தது அவளுக்கு நினைவில்லை. சொன்னால் வீணாகப் பயப்படுவாள். சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரிய வேண்டியது தெரியாமல் போய்விடும். பதிலை மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று.

அன்று நான் அழுதது குட்டுக்காகவும் கடிகாரத்துக்காகவும்தான். வெளிச்சம் உள்ளே போய்விட்டது, கூடவே வரும் என்று தங்கையிடம் சொன்னது பொய் என்றே நினைத்திருந்தேன்.