ஹவ்வா உம்மாவின் மூன்று வீடுகள்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். ஒன்றைச் செய்தவனே நாக்குத் தள்ளிப்போய் உட்கார்ந்துவிடுவான். புத்தளத்து ஹவ்வா உம்மாவோ வெள்ளைக்காரன் காலத்தில், அதுவும் புருஷனைப் பறிகொடுத்த பின், மூன்று வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்திலேயே மகளுக்குக் கலியாணமும் பேசி முடித்தார். "பொம்பிளைக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்று சிரித்த ஆண்பிள்ளைகள் பிறகு அவரிடமே வீடு கேட்டு வந்து நின்றார்கள். அவர்களைச் சொல்லி என்ன பிரயோசனம்!

அவருடைய தம்பி ஸலாஹுதீனுக்கு எல்லாம் தெரியும். மேசனோடு கதைப்பது, ஓடு இறக்குவது, வாடகை வாங்குவது என்று வெளி வேலை முழுக்க அவன் தலையில்தான். தீர்மானம் மட்டும் ராத்தாவுடையது; அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். மச்சான் தோணியோடு கடலில் மூழ்கிப் போனபோது ராத்தா விதவைக்குரிய இத்தா இருந்து எழும்பினார். எழும்பிய கையோடு கழுத்து நகையை விற்று முதல் வீட்டுக்கு அத்திவாரம் போட்டார். அந்த வீட்டு வாடகையில் இரண்டாவது எழும்பியது, இரண்டின் வாடகையில் மூன்றாவது. கழுத்தில் மட்டும் பிறகு ஒரு குண்டுமணி தங்கம் ஏறவேயில்லை.

மற்ற வீட்டுக்காரர்கள் மாதம் பிறந்தால் வாடகை வீட்டுப் பக்கம் போவார்கள். ராத்தா மழை பிறந்தால் போவார். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது குடையும் முக்காடுமாகப் புறப்பட்டு, எந்த ஓடு ஒழுகுது, எந்தச் சுவர் தண்ணி குடிக்குது என்று பார்ப்பார். தொப்பலாக நனைந்தபடி பின்னால் போகும் ஸலாஹுதீன் வாய்க்குள் திட்டுவான். ஆனால் மழை விட்ட மறுநாளே மேசன் வந்து நிற்பான். ஆகையால் அந்த மூன்று வீடுகளும் ஒருநாளும் வெறுமனே கிடந்ததில்லை. ஒன்றில் ரெயில் கந்தோர்க் கிளாக்கர். ஒன்றில் வேதக்கார டீச்சர் இசபெல். பள்ளிவாசல் பக்கத்து வீட்டில் உப்பளத்துக் கணக்கப்பிள்ளை தாஹிரும் அவன் மனைவி மர்ளியாவும்.

அந்தப் பள்ளிவாசல் வீட்டைத்தான் ராத்தா மகள் சித்தி லெய்லாவுக்குச் சீதனமாகப் பேசியிருந்தார். மாப்பிள்ளை இஸ்ஸதீன், கற்பிட்டிப் பக்கத்துப் பையன். தாஹிருக்கு முந்தலில் ஒரு தோட்டத்தில் வேலை சரிவந்திருந்தது. மாத முடிவில் வீட்டை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தான். எல்லாம் அச்சாவாகப் பொருந்தி வந்த நேரத்தில், கலியாணத்துக்கு இருபது நாள் இருக்கையில், காய்ச்சல் வந்து தாஹிர் மவுத்தாகிப் போனான். மர்ளியா அந்த வீட்டிலேயே இத்தா இருக்கத் தொடங்கினாள். நாலு மாதமும் பத்து நாளும் அவள் வெளியே இறங்கக் கூடாது.

மாப்பிள்ளையின் வாப்பா ஹிஸ்புல்லா ஹாஜியார் நேரே வந்து விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார்.

"நிக்காஹ் அண்டைக்கு ஆளில்லாத வீடும் பூட்டுத் திறப்பும் கையில வேணும். இல்லாட்டி இந்தச் சம்பந்தம் வேணாம்."

பள்ளிவாசல் லெப்பையிடம் மார்க்கம் என்ன சொல்லுது என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டால் இத்தாவில் இருப்பவள் வேறு வீட்டுக்குப் போகலாம், குற்றமில்லை என்றார் அவர். ஸலாஹுதீனுக்கு மூச்சு வந்தது.

"ராத்தா, மார்க்கமே விட்டிரிக்கு. ஒரு சொல்லுச் சொல்லுங்க, நான் போய்க் கதைக்கிறன்."

"அவளுக்குப் போக எடம் இரிக்கா?"

"அது எங்கட தலையிடியா? இல்லாட்டி டீச்சர எழுப்பி அந்த ஊட்டக் குடுப்பம்."

"ஒரு ஊட்டு மவுத்துக்கு இன்னொரு ஊட்ட எழுப்புறதா? மச்சான் போனப்போ நான் இருந்த இத்தாவ நீ மறந்திட்ட. எனக்கெண்டு நாலு சுவர் இருந்ததாலதான் அண்டைக்கு எனக்குப் பைத்தியம் புடிக்கல்ல."

ஸலாஹுதீன் தலையில் கை வைத்துக்கொண்டான். சம்பந்தம் முறிந்தால் மகளுக்கு ஊர் என்ன பெயர் வைக்கும் என்று அவனுக்குத் தெரியும். ராத்தாவுக்கும் தெரியும்.

மறுநாள் நொத்தாரிசைக் கூப்பிட்டார். தான் இருந்த வீட்டை, உம்மா தனக்குச் சீதனமாகத் தந்த அந்தப் பெரிய வீட்டை, சித்தி லெய்லா பேரில் உறுதி எழுதினார். "இந்த ஊட்டுல இரிந்துதான் என்ட மையித்துப் போகும்" என்று தன் சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த வீடு அது. கேட்டதைவிடப் பெரிய வீடு கிடைத்தால் ஹாஜியார் வேண்டாம் என்றா சொல்வார்? வாயெல்லாம் பல்லாகச் சம்மதித்தார்.

நிக்காஹ் முடிந்து, விருந்துச் சட்டி கழுவி அடுக்கிய பிறகு, ராத்தா ஒரு தகரப் பெட்டியைத் தம்பி தலையில் தூக்கி வைத்தார். தன் வீட்டுக்குத்தான் வருகிறார் என்று அவன் ஓர் அறையைக் கூட்டித் துப்பரவாக்கி வைத்திருந்தான். ராத்தா அவன் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைத் தாண்டி நடந்தார். பள்ளிவாசல் பக்கத்து வீட்டு வாசலில் நின்றார். அந்நிய ஆண் என்பதால் ஸலாஹுதீன் வேலிக்கு வெளியே நின்றுகொண்டான்.

"மர்ளியா, நான் ஹவ்வா உம்மா."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மாமி, எழும்பச் சொல்ல வந்தீங்களா? சொல்லுங்க, வெளிக்கிடுறன்."

"இல்ல மகள். நான் ஊடு கேட்டு வந்திரிக்கன். என்ட ஊட்ட மகளுக்குக் குடுத்திட்டன். உன்ட இத்தா முடியுமட்டும் குசினிக்குள்ள அடுப்புப் பக்கம் ஒரு மூலைய எனக்கு வாடகைக்குத் தருவியா?"

"இது உங்கட ஊடு மாமி."

"புருஷன் மவுத்தான ஊட்டுல நீ இத்தா இரிக்கிற. நீ எழும்புமட்டும் இது உன்ட ஊடு. நீ ஓமெண்டாத்தான் நான் படியேறுவன்."

உள்ளே ஒரு விம்மல் கேட்டது. "ஓம் மாமி" என்று சொல்லி முடிப்பதற்குள் மர்ளியா குலுங்கி அழத் தொடங்கிவிட்டாள்.

ஸலாஹுதீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். இத்தனை வருஷம் வாடகை வாங்கிக் கொடுத்தவன், ராத்தாவின் கணக்கெல்லாம் தன் விரல் நுனியில் என்று நினைத்திருந்தவன். அந்த முகத்தை இப்போது நிமிர்ந்து பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. அல்லாஹ்வே, இப்படியும் ஒரு மனுஷியா! ராத்தாவைப் பெற்ற வயிற்றில்தானா நானும் பிறந்தேன் என்று நினைத்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனை அறியாமல் வேலிக்கடவைத் தாண்டி இரண்டடி வைத்தான்.

ராத்தா திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டி மறித்தார்.

"பெட்டிய அங்கயே வச்சிட்டுப் போ தம்பி. ஆம்பிளைகள் உள்ளுக்கு வரக் கூடாது. ஊட்டுக்காரி இத்தா இரிக்கிறா."